வடசென்னை தாதா பற்றிய ஆவணப்படம் பாராட்டு விழாவாக மாறாமல் இருக்க என்ன செய்யலாம்?

கல்மண்டபம் கேட்டது:

1980-களின் நடுவிலிருந்து 90-களின் கடைசி வரை ராயபுரம், காசிமேடு பக்கம் பெரிய கையாக இருந்த ஒருவரைப் பற்றி 70 நிமிட ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆள் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயர் இங்கே வேண்டாம். குடும்பம் ஒத்துழைக்கிறது. வீட்டுக் கல்யாணம் ஒன்றின் வி.எச்.எஸ். கேசட்டுகளைக் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து எப்போதோ போட்ட சி.டி. பிரதியில் பார்த்தால், மனிதர் மண்டபத்துக்குள் வந்ததும் மொத்தக் கூட்டமும் அவர் பக்கம் திரும்புகிறது. குழந்தைகள் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கின்றன. நமக்கே பிடித்துப்போகிற ஆள்.

சிக்கலும் அங்கேதான். இதுவரை எடுத்த நேர்காணல்களில் எல்லாரும் "அண்ணன் கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொன்னதில்ல" என்கிறார்கள். முதல் வெட்டைப் பார்த்தால் நினைவஞ்சலி வீடியோ மாதிரி இருக்கிறது. கொலை வழக்குகள் இருந்தன, எல்லாவற்றிலும் விடுதலை என்கிறார்கள். ஒரு காகிதமும் கையில் இல்லை. கூட இருந்த ஒருவர் முகத்தை மறைத்தால் பேசுவதாகச் சொல்கிறார். அவரை எப்படிக் கையாள்வது? அசல் கேசட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன, அதை என்ன செய்வது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொல்லுங்கள்.

நகல்மனு எழுதியது:

முதலில் காகிதம். நேர்காணலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். தீர்ப்பைப் படிக்காமல் போய் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர் சொல்வதுதான் வரலாறு.

பழைய வழக்கைத் தேட ஸ்டேஷன் பெயர், கிரைம் நம்பர், வருஷம் மூன்றும் வேண்டும். கொலை வழக்கு முதலில் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பி.ஆர்.சி. (செஷன்ஸுக்கு அனுப்பும் முன் போடும் பதிவு) நம்பர் வாங்கும், செஷன்ஸுக்கு அனுப்பிய பிறகு எஸ்.சி. (செஷன்ஸ் கேஸ்) நம்பர் விழும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி கிடைத்தாலும் மற்றதைப் பிடித்துவிடலாம். அந்தப் பக்கத்து ஸ்டேஷன்களுக்கு ஜார்ஜ் டவுன் கோர்ட்டுகளில் தொடங்குங்கள். செஷன்ஸ் கோர்ட்டுகள் ஹைகோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. நீங்கள் வழக்கின் தரப்பு அல்ல என்பதால் நகல் மனுவோடு, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஒரு பிரமாண வாக்குமூலமும் வைக்க வேண்டிவரும். சாட்சி வாக்குமூலக் கட்டு அழிக்கப்பட்டிருக்கலாம். தீர்ப்பு அதைவிட நீண்ட காலம் இருக்கும். அதனால் தீர்ப்பின் நகலை முதலில் கேளுங்கள்.

கிரைம் நம்பரே தெரியாவிட்டால் ஒரு குறுக்கு வழி உண்டு. அந்தக் காலத்து ஆள் என்றால் குண்டாஸில் ஒரு தடவையாவது உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். 1982-ஆம் வருஷத்து 14-ஆம் எண் தமிழ்நாடு சட்டம் அது. கமிஷனர் போடும் தடுப்புக் காவல் உத்தரவோடு காரணங்களும் ஆவணங்களும் சேர்ந்த ஒரு புத்தகத்தைக் கைதானவரிடம் கொடுத்தாக வேண்டும். அதில் 'அட்வர்ஸ் கேஸ்' என்று பழைய வழக்குகளின் பட்டியலும், உத்தரவுக்கு உடனடிக் காரணமான 'கிரவுண்ட் கேஸ்' விவரமும் இருக்கும். ஸ்டேஷன், கிரைம் நம்பர், பிரிவு, அன்றைய நிலவரம் எல்லாம் ஒரே இடத்தில். வீட்டுப் பீரோவிலோ, ஆட்கொணர்வு மனு போட்ட வக்கீலின் ஆபீஸ் பரணிலோ அந்தப் புத்தகம் இன்னும் கிடக்கலாம். குடும்பம் ஒத்துழைக்கிறது என்கிறீர்களே, கல்யாண கேசட்டுக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

போலீஸிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவிலேயே 8(3) பிரிவைக் குறிப்பிடுங்கள். சம்பவம் நடந்து 20 வருஷம் தாண்டியிருந்தால், தனிநபர் தகவல், விசாரணைக்கு இடையூறு என்ற காரணங்களைச் சொல்லி மறுக்க முடியாது. பலர் இந்தப் பிரிவை எழுதாமல் விட்டு, வழக்கமான மறுப்புக் கடிதம் வந்ததும் ஓய்ந்துவிடுகிறார்கள். 'ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது' என்று பதில் வந்தால், அழித்த உத்தரவின் நகலையும் அழிப்புப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் கேட்டு இன்னொரு மனு போடுங்கள். சில நேரம் அந்த மனுவுக்குப் பிறகு ஆவணமே கிடைத்துவிடும்.

என்கவுன்டரில் இறந்தவர் என்றால் மாஜிஸ்ட்ரேட் விசாரணை அறிக்கை ஒன்று இருந்தாக வேண்டும். அதையும் கேளுங்கள். 1997-லேயே தேசிய மனித உரிமை ஆணையம் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் விரிவான நெறிமுறை 2014-ல் வந்தது.

தீர்ப்பு கையில் வந்ததும் "விடுதலை" என்ற கடைசி வரியோடு மூடிவைக்காதீர்கள். அ.சா.1, அ.சா.2 என்று வரிசையாக அரசுத் தரப்புச் சாட்சிகள் வருவார்கள். அதில் யார் யார் பிறழ்சாட்சி ஆனார்கள், எந்தக் கட்டத்தில் ஆனார்கள் என்று பாருங்கள். சம்பவ இடத்தில் டீக்கடை வைத்திருந்தவர் போலீஸ் விசாரணையில் ஒன்று சொல்லி, கோர்ட்டில் "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொன்னதாகத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கும். பயத்தைப் பற்றி உங்களுக்குக் கிடைக்கப்போகும் நேர்மையான ஆவணம் அதுதான். ஆனால் அதை வைத்து "இவர்தான் மிரட்டினார்" என்று வர்ணனையில் சொல்லக் கூடாது. சாட்சிகள் மாறினார்கள், கோர்ட் விடுவித்தது, அவ்வளவுதான் சொல்லலாம். வழக்கு நடக்கும்போதே ஆள் இறந்திருந்தால் அது அற்றுப்போன வழக்கு. விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை. இந்த மூன்றையும் குழப்பாதீர்கள்.

சட்டப் பாதுகாப்பு பற்றி. 1994-ல் ஆட்டோ சங்கரின் வரலாற்றை நக்கீரன் வெளியிடுவதைச் சிறைத்துறை தடுக்கப் பார்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றும் அடித்தளம். கோர்ட் ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிட யாருடைய சம்மதமும் தேவையில்லை. ஆவணத்தில் இல்லாத சொந்த வாழ்க்கைக்குள் போனால் பொறுப்பு உங்களுடையது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்களின் அடையாளத்தை ஆவணத்தில் இருந்தாலும் வெளியிடக் கூடாது. இறந்தவரின் அந்தரங்கமும் நற்பெயரும் வாரிசுகளுக்குச் சொத்து போல இறங்குவதில்லை என்று சென்னை ஹைகோர்ட் 2021-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் குற்றவியல் அவதூறு இன்னும் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின் முதல் விளக்கத்தின்படி, குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவரைப் பழித்தால் அதுவும் அவதூறு. உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இன்னும் உயிரோடு இருக்கும் கூட்டாளிகள், அன்றைய அதிகாரிகள், கவுன்சிலர்கள் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இப்போது அந்த முகம் மறைக்கும் ஆள். இதில்தான் எனக்குப் பெரிய கவலை. கேமரா முன்னால் "நான்தான் வெட்டினேன்" என்று அவர் சொன்னால் அது போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் அல்ல. அதனால் சாட்சியமாக எடுத்துக்கொள்ளத் தடையும் இல்லை. உங்கள் அசல் கோப்பை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94-ஆம் பிரிவில் கேட்டு வாங்க முடியும். தகவல் தந்தவரைக் காப்பாற்றும் சிறப்புரிமை நம் கோர்ட்டுகளில் பத்திரிகைக்காரருக்கே கிடையாது, ஆவணப்பட இயக்குநருக்கு எங்கிருந்து வரும்? அதே சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி கொலை போன்ற குற்றங்கள் தெரியவந்தால் சொல்ல வேண்டிய கடமையும் உண்டு. எனவே கேமராவை வைக்கும் முன்பே அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: தீர்ப்பு வந்து முடிந்த விஷயங்களை மட்டும் பேசலாம், தண்டனை அனுபவித்து முடித்ததைப் பேசலாம், வேறு எதையும் பேச வேண்டாம். அவருக்கென்று ஒரு வக்கீல் இருந்து இதைச் சொன்னால் இன்னும் நல்லது. அவர் பேசினால் உங்கள் படம் சிறக்கும், அவர் வாழ்க்கை கெடும் என்கிற நிலை வரவே கூடாது.

வெட்டுமேசை எழுதியது:

நகல்மனு சொன்னதற்கு மேல் சட்டத்தில் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை. எடிட்டிங் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மனிதரின் ஈர்ப்பை வெட்டி எறியப் பார்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் நூறு பேர் ஏன் அவர் பின்னால் போனார்கள் என்று பார்ப்பவருக்குப் புரியாது. ஈர்ப்பு எப்படி வேலை செய்தது, யார் அதற்கு விலை கொடுத்தார்கள் என்று காட்டுவதுதான் உங்கள் வேலை.

அந்தக் கல்யாண வீடியோவை அவரைப் பார்க்காமல் ஒரு தடவை பாருங்கள். அவர் நுழையும்போது யார் எழுந்து நிற்கிறார், யார் நிற்கவில்லை, யார் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார், பந்தியில் அவருக்குப் பக்கத்து இலை யாருக்கு, பரிசு கொடுக்கும் வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்று நேரக்குறிப்போடு எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய அதிகாரம் அவர் முகத்தைவிடச் சுற்றி நிற்பவர்களின் உடம்பில்தான் அதிகமாகத் தெரியும். அந்த ஷாட்டை 30, 40 விநாடி வெட்டாமல், அதே வேகத்தில் விடுங்கள். ஸ்லோமோஷன் வேண்டாம். அடியில் பேஸ் கிடார் வேண்டாம். போட்டோவில் கண்ணை நோக்கி மெல்ல நெருங்கும் அந்த ஜூம் வேண்டவே வேண்டாம். அவருக்கென்று ஒரு தீம் இசை போட்ட அன்றே உங்கள் படம் சினிமாவிடம் தோற்றுவிடும். மாஸ் ஏற்றுவதில் தமிழ் சினிமாவை மிஞ்ச யாராலும் முடியாது. 70 நிமிடத்தில் வி.எச்.எஸ். மொத்தம் ஆறேழு நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் மற்ற எல்லாரும் துணை நடிகர்களாகிவிடுவார்கள்.

அடுத்து கேள்விகள். "அண்ணன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் புகழ் மட்டும்தான் வரும். ஆளைப் பற்றிக் கேட்காமல் நடைமுறையைப் பற்றிக் கேளுங்கள். மாமூல் மாசம் எந்தத் தேதி? வாங்க யார் வருவார்? நோட்டில் எழுதுவாரா? ஏலக்காரருக்கு எவ்வளவு, ஐஸ் கடைக்கு எவ்வளவு? ஒரு மாசம் கொடுக்க முடியாதவர் என்ன சொல்லித் தவணை வாங்குவார்? கட்டப் பஞ்சாயத்து எந்த இடத்தில் நடக்கும், யார் முதலில் பேச வேண்டும், தீர்ப்பில் அவருக்கு எத்தனை பங்கு? இப்படிக் கேட்டால் புகழ வந்தவரே விவரம் சொல்லத் தொடங்குவார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல, யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

தர்மக் கதைகளுக்கும் இதே வழி. "எத்தனையோ பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாரு" என்றால் யாருக்கு, எந்த வருஷம், எவ்வளவு, பணமாகவா மண்டபமாகவா என்று கேளுங்கள். அந்தக் குடும்பத்தைத் தனியாகப் பாருங்கள். ஒருவரையொருவர் சாராத இரண்டு பேர் சொன்னால்தான் படத்தில் வர வேண்டும். உண்மையாகவே கொடுத்திருப்பார், அதையும் நேர்மையாகக் காட்டுங்கள். கூடவே அந்த மாசம் மாமூல் கொடுத்த கடைக்காரரின் கணக்கும் வரட்டும். பணம் ஒரு கையிலிருந்து எடுத்து இன்னொரு கைக்குப் போனது என்பதை வர்ணனையாளர் சொல்லத் தேவையில்லை, இரண்டு நேர்காணலையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும்.

பாதிக்கப்பட்ட குடும்பங்கள் படத்தின் கடைசியில் கண்ணீரோடு வருவது ஒரு பெரிய தவறு. அதற்குள் பார்ப்பவர் அண்ணனோடு அறுபது நிமிடம் வாழ்ந்துவிட்டார். முதல் பத்து நிமிடத்துக்குள் கொல்லப்பட்ட ஒருவரின் வீடு, அவர் பார்த்த தொழில், அவர் எதைச் சாப்பிடுவார் என்பது வரை வந்துவிட வேண்டும். அவரும் ஒரு மனிதராகத் தெரிந்த பிறகு அண்ணன் எத்தனை அழகாகச் சிரித்தாலும் பார்ப்பவரால் மறக்க முடியாது. அந்தக் குடும்பத்திடம் தாதாவின் குடும்பமும் படத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடாதீர்கள். ஒப்புதல் கடிதம் தமிழில் இருக்கட்டும், கேமரா முன் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

நடித்துக் காட்டும் காட்சி வேண்டாம். கத்தி, ரத்தம், ஓடும் கால்கள் எல்லாம் பார்த்துச் சலித்தவை. ஒவ்வொரு குற்றச்சாட்டும் வரும்போது ஸ்டேஷன், கிரைம் நம்பர், வருஷம், முடிவு நான்கும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக வந்தால் போதும். சத்தமில்லாமல் ஐந்து விநாடி. ஐந்தாவது அட்டை வரும்போது அரங்கத்தில் அந்தப் பாரம் ஏறிவிடும்.

இன்னொன்று மனதார வேண்டிக் கேட்கிறேன். குப்பத்தையே குற்றவாளியாகக் காட்டிவிடாதீர்கள். வடசென்னை என்றாலே அழுக்குச் சந்து, கத்தி, கஞ்சா என்று காட்டிக் காட்டி அந்தப் பிள்ளைகளுக்கு வேலைக்கான இன்டர்வியூவில் முகவரி சொல்லவே தயக்கம் வந்துவிட்டது. மாமூல் கொடுத்தவர்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள் என்பதை மறக்காமல் ஷாட் தேர்ந்தெடுங்கள்.

மாலைப்பதிப்பு எழுதியது:

வெட்டுமேசை சொல்வதில் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். பாதிக்கப்பட்டவரை முன்னால் கொண்டுவருவது சரி. ஆனால் அது மட்டும் செய்தால் படம் நல்லவர், கெட்டவர் தராசாக நின்றுவிடும். அந்த இடத்தில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஆள் ஏன் உருவானார் என்ற பொருளாதாரம் வேண்டும். 1981-ல் மதுவிலக்கு தளர்ந்து சாராயக் கடைகள் திறந்தன, 1991-ல் மலிவு விலை மதுக் கடைகள் மூடப்பட்டன, 2003-ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனது. ஒவ்வொரு மாற்றத்திலும் யார் கையில் காசு புரண்டது, யாருக்குத் தொழில் போனது என்று பாருங்கள். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-ல் நீங்கியது. 1992-ல் வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் தங்கம் கொண்டுவர வழி திறந்ததும் கடத்தல் தங்கத்தின் லாபம் சுருங்கியது. துறைமுகத்தில் சரக்கு மூட்டையிலிருந்து பெட்டகத்துக்கு (கன்டெய்னருக்கு) மாற மாறச் சுமைக்கூலி வேலையும், வழியில் சரக்கு 'காணாமல்' போவதும் குறைந்தன. 1996-ல் பின்னி மில் மூடியபோது எத்தனை இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. உங்கள் ஆளின் வழக்குகளை ஒரு தாளில் வருஷவாரியாக எழுதி, பக்கத்தில் இந்தத் தேதிகளையும் எழுதுங்கள். எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று தானாகத் தெரியும்.

அதே தாள் கதைகளைச் சோதிக்கவும் உதவும். இந்தத் தலைமுறை ஆட்கள் எல்லாருக்கும் 'பம்பாய் வரதராஜ முதலியாருக்கு நெருக்கம்' என்று ஒரு கதை ஒட்டிக்கொள்ளும். பம்பாயில் தாதாவாக இருந்த வரதராஜ முதலியார் 1988 ஜனவரியில் சென்னையில் இறந்துவிட்டார். 1990-ல் சந்தித்ததாக யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்தலாம். '91-ல் செல்போனில் மிரட்டினார்' என்றாலும் அப்படித்தான், இங்கே செல்போன் சேவையே 1995-ல்தான் வந்தது. 90-களில் 'புழலில் இருந்தார்' என்பார்கள். மத்திய சிறை அப்போது சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது, புழலுக்குப் போனது 2006-ல். பழைய கட்டடம் 2009-ல் இடிபட்டது, அதனால் அங்கே போய்ப் படம் பிடிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். இப்படித் தவறாகச் சொல்பவர்களைப் பொய்யர் என்று ஒதுக்க வேண்டாம். முப்பது வருஷத்தில் நினைவு இடம் மாறும். அந்தப் பகுதியை மட்டும் படத்தில் வைக்காதீர்கள்.

பழைய பத்திரிகைகளுக்குக் கன்னிமாரா நூலகத்திலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தேடுங்கள். தேதி தெரியாமல் போனால் நாள்கள் வீணாகும், கிரைம் நம்பர் வருஷத்தையாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஒரே சம்பவத்துக்குக் காலைப் பத்திரிகை, மாலைப் பத்திரிகை இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் வரிக்கு வரி ஒரே வாசகம் இருந்தால் அது போலீஸ் கொடுத்த குறிப்பு, நிருபர் விசாரித்தது அல்ல. நினைவஞ்சலி விளம்பரங்களை விடாதீர்கள். இறந்த நாளில் ஒவ்வொரு வருஷமும் யார் யார் பெயரில் வந்தது, எந்த வருஷம் எந்தப் பெயர் காணாமல் போனது என்று பார்த்தால் கூட்டம் எப்போது உடைந்தது என்று தெரியும். சுவரொட்டியிலும் அதே வேலை, கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் இருக்கும்.

கல்மண்டபம்:

மிக்க நன்றி. குண்டாஸ் புத்தகம் பற்றிக் கேட்க இன்றே ஆள் அனுப்புகிறோம். கேசட், ஒலி, முகம் மறைப்பது பற்றியும் யாராவது சொல்லுங்கள். கல்யாண வீடியோ முழுக்கச் சினிமாப் பாட்டு ஓடுகிறது. இறுதி ஊர்வலத்துக்கு ஒருவர் பாடிய கானாவும் இருக்கிறது, அதைப் பயன்படுத்த ஆசை.

ஒலிப்பெட்டி எழுதியது:

அந்த வெள்ளைப் புள்ளி பூஞ்சை. அசலைத் தயவுசெய்து எந்தப் பிளேயரிலும் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி அடைக்கும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும், நாடா கிழியவும் கிழியும். முதலில் கேசட்டின் முதுகுப் பக்கம் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்து எடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு சில நாள் வைத்து உலர்த்துங்கள். பிறகு கேசட்டைத் திறந்து நாடாவைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கல்யாண வீடியோவை டி.வி.டி.யாக மாற்றித் தரும் கடை வேறு, இந்த வேலை வேறு.

மாற்றும்போது எஸ்-வீடியோ வெளியீடும், நாடா ஆடுவதைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டரும் உள்ள பிளேயர் வேண்டும். இல்லாவிட்டால் மேல் ஓரம் கொடி மாதிரி வளையும், சட்டகம் (ஃப்ரேம்) விட்டுப்போய் ஒலி விலகும். பால் (PAL) வீடியோ முறை, 720-க்கு 576, நொடிக்கு 25 சட்டகம், இன்டர்லேஸ் அப்படியே. சுருக்காமல் 8 பிட்டில் எடுத்தால் மணிக்குச் சுமார் 75 ஜி.பி. ஆகும். இடமில்லை என்றால் எஃப்.எஃப்.வி.1 என்ற இழப்பில்லாச் சுருக்க வடிவில் வையுங்கள், தரம் குறையாது. எம்பெக்-2 வேண்டாம். எடிட்டிங்கில் 4:3-ஐ அகலமாக இழுக்காதீர்கள், எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள். இரண்டு பக்கமும் கறுப்பு இருக்கட்டும்.

நேர்காணல் ஒலிக்கு வடசென்னையில் லாரி, சீலிங் ஃபேன், ஒலிபெருக்கி மூன்றும் எதிரி. ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும், அதனால் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இடைவெளி விட்டுப் போடுங்கள், வயதானவர்கள் வேர்த்து மயங்கிவிடுவார்கள். சட்டையில் ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு பூம், இரண்டும் தனித்தனி டிராக்கில். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம். சுவருக்கு ஜமுக்காளமும் போர்வையும் தொங்கவிட்டால் எதிரொலி பாதி போய்விடும். ஒவ்வொரு அறையிலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் வெறும் அறைச் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், எடிட்டர் உங்களை வாழ்த்துவார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 சட்டகம், ஷட்டர் 1/50. 24-ல் எடுத்து ஷட்டரை 1/48-ல் விட்டால் டியூப் லைட் துடிக்கும்.

மீன்பிடித் துறைமுகக் காட்சிகளுக்கு விடியலுக்கு முன் ஏலம் நடக்கும் நேரம்தான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. படகு நகரும் காட்சி வேண்டுமானால் அதற்கு வெளியே திட்டமிடுங்கள். மாறாக, ஆட்கள் கரையில் இருப்பதால் நிதானமாகப் பேச அந்த இரண்டு மாசம்தான் நல்லது. ட்ரோன் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், துறைமுகம் பக்கத்தில் அனுமதி கிடைப்பது மிகக் கஷ்டம்.

முகம் மறைப்பது பற்றி. எடிட்டிங்கில் மங்கலாக்கிக்கொள்ளலாம் என்று தெளிவாக எடுத்து வைக்காதீர்கள். அசல் கோப்பில் முகம் இருக்கும்வரை ஆள் மறையவில்லை. பின்னால் வெளிச்சம், முன்னால் கறுப்புத் துணி, எக்ஸ்போஷரைக் கீழே இறக்கி, எடுத்த கோப்பில் நிழலைத் தூக்கிப் பார்த்து எதுவும் தெரியவில்லை என்று அங்கேயே உறுதி செய்யுங்கள். கேமராவின் லாக், ரா (பின்னால் வெளிச்சத்தை மாற்ற வசதியாக எடுக்கும்) வடிவங்களில் எடுக்காதீர்கள், அவற்றில் நிழலுக்குள் நிறைய ஒளிந்திருக்கும். மோதிரம், பச்சை குத்தியது, கைத்தழும்பு, சுவர்க் காலண்டரில் கடைப்பெயர், ஜன்னலுக்கு வெளியே கோயில் கோபுரம் எல்லாவற்றையும் பாருங்கள். குரலின் சுருதியை மட்டும் மாற்றினால் திருப்பிச் சரிசெய்துவிட முடியும். வார்த்தைகளை எழுதி வேறொருவரைப் பேசவைப்பதே பாதுகாப்பு, அப்படிச் செய்ததாகத் திரையிலும் போடுங்கள். அவருக்கென்று உள்ள பேச்சுத் தொடுப்புகளையும் எடுத்துவிட வேண்டும், "இன்னா நைனா" என்று அவர் தொடங்கும் விதத்திலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

நகல்மனு:

பாட்டு விஷயம். கல்யாண வீட்டார் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோ என்பதால், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி காட்சிகளின் முதல் உரிமையாளர் அவர்களே. செலவு செய்தது யார் என்று கேட்டு, அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். மேலே வீடியோக்காரர் ஒட்டிய சினிமாப் பாட்டு அவர்களுடையது அல்ல. பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனி உரிமை, 60 வருஷக் கணக்கு. கட்டணம் கொடுக்க முடியாவிட்டால் ஒலியை எடுத்துவிட்டு மௌனமாக ஓட்டுங்கள், வெட்டுமேசை சொன்ன 40 விநாடி ஷாட்டுக்கு அது இன்னும் நன்றாகவே இருக்கும். தீர்ப்பின் வரிகளைத் திரையில் காட்டத் தடையில்லை, கோர்ட்டே தடுத்திருந்தால் தவிர.

கானாவுக்கு எழுதிய கவிஞர், பாடியவர் இருவரையும் கண்டுபிடியுங்கள். வாய்ச்சொல் ஒப்புதல் செல்லாது. எந்தப் பாட்டு, என்ன உரிமை, எத்தனை வருஷம், எந்த நாடுகள், எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருஷம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், பிறகு வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். பாடியவருக்குக் கௌரவமான தொகை கொடுங்கள். வரிகளில் உயிரோடு இருக்கும் எதிரியின் பெயரோ, பழிவாங்குவோம் என்ற பேச்சோ இருந்தால் அந்த அடியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் வையுங்கள்.

தியேட்டரிலோ மற்ற பொதுத் திரையிடலிலோ போடுவதானால் ஆவணப்படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், ஹேடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் மண்டல அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போது வெட்டுமேசை சொன்ன, நான்கு விவரம் கொண்ட அந்த அட்டைகளுக்கெல்லாம் ஆதாரமான நகல்களை ஒரே கட்டாகப் பக்க எண் போட்டுக் கையில் வைத்திருங்கள். அங்கே படத்தைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.